தலைக்கு மேல் ஏழு கிலோ

ஊருக்குப் போய்விட்டு வெறுங்கையோடு திரும்பிய தமிழரைக் கொல்கத்தாவில் இந்த நாற்பது வருடங்களில் நான் பார்த்ததில்லை. காபிப்பொடி, அப்பளக் கட்டு, வடாம், புளி, இட்லி அரிசி, பேரப்பிள்ளைகளுக்கு முறுக்கு, பக்கத்து வீட்டு வங்காளிக் குடும்பத்துக்கு ஒரு கைத்தறிச் சேலை என்று பை நிறைந்துகொண்டே போகும். கோரமண்டல் எக்ஸ்பிரஸிலும் ஹவுரா மெயிலிலும் வந்துபோன காலத்தில் இதனால் ஒரு தொல்லையும் இருந்ததில்லை. டிரங்குப் பெட்டியை ஸீட்டுக்கு அடியில் தள்ளி, சங்கிலி போட்டுப் பூட்டிவிட்டு, விஜயவாடா வரும்வரை தூங்கலாம்.

இப்போது வயதாகிவிட்டது. ஒரு பகலும் ஒரு இரவும் ரயிலில் உட்கார முதுகு இடம் கொடுப்பதில்லை. மகன் டிக்கெட் எடுத்துக் கொடுக்கிறான், இரண்டரை மணி நேரத்தில் சென்னையில் இறங்குகிறோம். பயணம் மாறிவிட்டது, நம் பை மட்டும் மாறவில்லை. அந்தப் பையைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை. மற்றவர்களுக்குப் புத்தி சொல்ல எழுதுகிறேன் என்று நினைக்க வேண்டாம். தவறு செய்தவன் நான். அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

அன்று நடந்தது

2023 பிப்ரவரியில் மாமியாரின் முதல் தெவசத்துக்காகக் கும்பகோணம் போயிருந்தோம். எல்லாம் முடிந்து பாத்திரங்களைப் பங்கு பிரிக்கும்போது என் மனைவி ஒரே ஒரு பொருளைத்தான் கேட்டாள். அவள் அம்மா ஐம்பது வருடம் வத்தக்குழம்பு வைத்த கல்சட்டி. “எனக்கு வேற எதுவும் வேண்டாங்க, இந்தச் சட்டி போதும்” என்றாள். நான் எப்படி மறுப்பேன்?

உள்நாட்டு விமானத்தில் சாதாரண வகுப்புக்கு, சரக்கறையில் போடும் பெட்டி பெரும்பாலும் 15 கிலோ, கையில் கொண்டுபோகும் பை 7 கிலோ. எங்கள் 15 கிலோவில் அரிசியும் புளியும் முன்பே இடம் பிடித்துவிட்டன. அதோடு, கல்சட்டியைச் சரக்கறையில் போட்டால் தூக்கிப் போடுகிற வேகத்தில் உடைந்துவிடும் என்று மனைவிக்குப் பயம். ஆகவே அது என் கைப்பெட்டிக்குள் ஏறியது. சுற்றிலும் துணி, மேலே இரண்டு கிலோ காபிப்பொடி. மைத்துனர் வீட்டு எடை மெஷினில் வைத்துப் பார்த்தேன். பதினொன்றரை கிலோ.

“கேட்டால் பார்த்துக்கொள்ளலாம்” என்றேன். கேட்கவும் விடவில்லை. சென்னை விமான நிலையத்தில் பெரிய பெட்டியைக் கொடுக்க நான் கவுன்ட்டருக்குப் போனபோது, கைப்பெட்டியோடு மனைவியைத் தள்ளி ஒரு தூண் பக்கத்தில் நிற்க வைத்தேன். இந்த வித்தை நம்மில் பலருக்குத் தெரியும். அன்று அதை ஒரு சாமர்த்தியமாகவே நினைத்தேன்.

விமானத்துக்குள் எங்கள் தலைக்கு மேலிருந்த லாக்கர் நிறைந்திருந்தது. இரண்டு வரிசை முன்னால் இடம் இருந்தது. ஒரு இளைஞர் கைகொடுத்துப் பெட்டியைத் தூக்கி வைத்தார். “அங்கிள், உள்ளே என்ன, கல்லா?” என்று சிரித்தார். “கல்தான்” என்று நானும் சிரித்தேன்.

கொல்கத்தாவில் இறங்கி விளக்கு அணைந்ததும் எல்லோரும் எழுந்தார்கள். நானும் எழுந்து போய் அந்த லாக்கரைத் திறந்தேன். பயணத்தில் பெட்டி நகர்ந்து கதவின் மேல் சாய்ந்திருந்திருக்கிறது. கதவு மேலே போனதும் பெட்டி வெளியே வந்தது. பிடித்தேன், ஆனால் ஒரு கையில் கைப்பிடி மட்டும்தான் கிடைத்தது. அறுபத்தைந்து வயதுத் தோள் அந்த எடையைத் தாங்கவில்லை. கீழே நடைபாதை ஓர இருக்கையில் ஒரு அம்மாள் குனிந்து செருப்பை மாட்டிக்கொண்டிருந்தார். பெட்டி அவருடைய பிடரியிலும் தோளிலும் விழுந்தது.

அந்தச் சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது. அவர் உடனே எழவில்லை. பிறகு மெதுவாக நிமிர்ந்து, என் முகத்தைப் பார்த்து, “கிச்சு ஹோய் நி, தாதா” என்றார். ஒன்றும் ஆகவில்லை என்று எனக்கே ஆறுதல் சொன்னார். ஆனால் அவரால் கழுத்தைத் திருப்ப முடியவில்லை. விமான நிலைய டாக்டர் வந்து பார்த்தார், பிறகு எக்ஸ்ரே எடுத்தார்கள். எலும்பு முறிவு இல்லை, தசைநார் காயம் என்றார்கள். மூன்று வாரம் கழுத்துப் பட்டை.

வீட்டுக்கு வந்து பெட்டியைத் திறந்து பார்த்தோம். கல்சட்டியில் ஒரு கீறல் இல்லை.

என் தொழிலும் என் வெட்கமும்

பத்து நாள் கழித்து பெஹாலாவில் அந்த அம்மாள் வீட்டுக்கு நானும் மனைவியும் போனோம். அவர் ஒரு பெண்கள் பள்ளியில் கணக்கு டீச்சர். கழுத்தில் பட்டையோடு உட்கார்ந்திருந்தார். கையைத் தூக்கிக் கரும்பலகையில் எழுத முடியாததால் விடுமுறையில் இருப்பதாகச் சொன்னார். டாக்டர் செலவை ஏற்றுக்கொள்கிறேன் என்றேன், மறுத்துவிட்டார். டீ கொடுத்தார். பேச்சுவாக்கில், “நீங்கள் என்ன வேலையில் இருந்தீர்கள், தாதா?” என்று கேட்டார்.

அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லத்தான் எனக்கு நா எழவில்லை.

நான் மெக்கானிக்கல் டிப்ளமா முடித்து ரயில்வேயில் சேர்ந்து, கேரேஜ் அண்டு வேகன் பிரிவில் முப்பத்தெட்டு வருடம் வேலை பார்த்தவன். லிலுவா பணிமனையிலும் யார்டுகளிலும் என் வேலையே எடை சம்பந்தப்பட்டதுதான். ஒவ்வொரு வேகனின் பக்கத்திலும் இரண்டு எண்களை வெள்ளைப் பெயின்ட்டில் எழுதியிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். ஒன்று வெறும் வண்டியின் எடை, இன்னொன்று அது ஏற்றக்கூடிய சரக்கின் எடை. நிலக்கரி ஏற்றும் பாக்ஸ்-என் வேகனின் வெறும் எடை ஏறக்குறைய இருபத்திரண்டரை டன். சரக்கோடு சேர்த்து 81 டன்னைச் சற்றுத் தாண்டும். அதற்கு மேல் ஏற்றினால் ஸ்பிரிங் உடையும், அச்சு சூடாகும். அப்படிப்பட்ட வண்டியைக் கண்டால் சிக் மார்க் செய்து ரேக்கிலிருந்து கழற்றி சிக் லைனில் தள்ளிவிடுவோம். “கொஞ்சம்தானே சார் கூடுதல்” என்று கெஞ்சிய சரக்குக்காரர்களிடம் நான் எவ்வளவு கறாராகப் பேசியிருக்கிறேன்!

அந்த நான், ஏழு என்று எழுதியிருந்த இடத்தில் பதினொன்றரையை ஏற்றினேன். டீச்சரிடம் என் வேலையைச் சொன்னபோது அவர் சிரித்தார். கோபித்துக்கொண்டிருந்தால் கூட எனக்குச் சற்று நிம்மதியாக இருந்திருக்கும்.

ரயிலுக்கும் விமானத்துக்கும் என்ன வித்தியாசம்?

“ரயிலில் ஸ்லீப்பர் வகுப்பிலேயே 40 கிலோ விடுகிறார்கள், விமானத்தில் மட்டும் 7 கிலோ என்பது காசு பிடுங்கும் வேலைதானே?” என்று நண்பர்கள் கேட்கிறார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன். கூடுதல் எடைக்குக் கட்டணம் வாங்குவது வியாபாரம்தான், மறுக்கவில்லை. ஆனால் தலைக்கு மேல் இருக்கும் எடைக்கு வரம்பு வைத்ததற்கு வேறு காரணமும் இருக்கிறது.

ரயிலில் கனமான பெட்டி காலடியில் இருக்கிறது. மேல் பெர்த்தில் வைத்த பை கூடப் பெரும்பாலும் அசையாது. ஏனென்றால் 110 கிலோமீட்டர் வேகத்தில் போகும் வண்டியில் அவசர பிரேக் போட்டாலும், நிற்பதற்குள் அது பல நூறு மீட்டர் போய்விடும். அந்த உலுக்கல் புவியீர்ப்பு விசையில் பத்தில் ஒரு பங்கைக் கூடத் தொடாது. பையின் உராய்வே அதைப் பிடித்துக்கொள்ளும்.

விமானத்தின் கதை வேறு. காற்றுக் குலுக்கலில் விமானம் சட்டென்று கீழே இறங்கும்போது, கட்டாத பொருள் எதுவும் அதோடு சேர்ந்து இறங்காது, கூரைக்குப் போகும். அடுத்த நொடி விமானம் மேலே எழும்பும்போது அதே பொருள் பல மடங்கு எடையோடு கீழே வரும். 2022 மே 1 அன்று மும்பையிலிருந்து துர்காபூர் வந்த விமானம் இறங்கும் நேரத்தில் இப்படிப்பட்ட குலுக்கலில் சிக்கியது. பயணிகளும் பணியாளர்களும் காயமடைந்தார்கள். சிலர் மேல் லாக்கரிலிருந்து சாமான்கள் விழுந்ததாகப் பத்திரிகைகளில் படித்தோம். துர்காபூர் நமக்குப் பக்கத்து ஊர். நம்மவர்கள் பலரும் இருக்கும் ஊர்.

இதையெல்லாம் எண்ணித்தான் விதிகளை எழுதியிருக்கிறார்கள். அமெரிக்க விமான விதிகளின்படி, அவசரத் தரையிறக்கத்தில் முன்பக்கமாகப் புவியீர்ப்பைப் போல் 9 மடங்கு, மேல்நோக்கி 3 மடங்கு, கீழ்நோக்கி 6 மடங்கு விசை வந்தாலும் சாமான்கள் பயணிகள் மேல் பாயக் கூடாது. லாக்கரை எவ்வளவு எடைக்கு வடிவமைத்தார்களோ அந்த எண்ணை அதிலேயே எழுதி ஒட்ட வேண்டும். அடுத்த முறை ஏறும்போது கதவின் உட்புறம் பாருங்கள். எங்கள் வேகனில் வெள்ளைப் பெயின்ட்டில் எழுதியதும் இதுவும் ஒன்றுதான்.

இப்போது கணக்கைப் பாருங்கள். 7 கிலோ பெட்டி 9 மடங்கு விசையில் 63 கிலோவாகத் தள்ளும். என் பதினொன்றரை கிலோ நூறைத் தாண்டும். ஒரு லாக்கரில் நான்கு பெட்டி, நான்கு பேரும் என்னைப் போலவே நாலரை கிலோ கூட வைத்தால், 18 கிலோ கூடுதல். 9 மடங்கில் அது 162 கிலோ. தூண் பக்கத்தில் மறைத்து வைத்த சாமர்த்தியங்களின் கூட்டுத்தொகை அது. லாக்கரைக் கூரையோடு பிடித்திருக்கும் இணைப்புகள் அந்தக் கூடுதலையும் சேர்த்துத் தாங்க வேண்டும்.

1989 ஜனவரி 8 அன்று இங்கிலாந்தில் கெக்வொர்த் கிராமத்தின் அருகே ஒரு போயிங் 737, ஓடுபாதையைத் தொடுவதற்குச் சற்று முன் நெடுஞ்சாலைக் கரையில் மோதியது. 126 பேரில் 47 பேர் இறந்தார்கள். மோதிய வேகத்தில் மேல் லாக்கர்களில் ஒன்றைத் தவிர மற்றவை எல்லாம் கழன்று பயணிகள் மேல் விழுந்ததாக விசாரணையில் தெரிந்தது. கூடுதல் எடைதான் காரணம் என்று யாரும் சொல்லவில்லை. மோதல் அவ்வளவு கடுமை. ஆனால் நம் தலைக்கு மேலிருப்பது சுவரில் கட்டிய பரண் அல்ல, சில இணைப்புகளில் தொங்கும் பெட்டி என்பதை அது காட்டியது.

விபத்தே வேண்டாம், என் விஷயம் போலத் தரையில் நின்ற விமானத்தைப் பார்ப்போம். லாக்கரின் விளிம்பிலிருந்து உட்கார்ந்திருப்பவர் தலைக்கு ஏறக்குறைய ஒன்றரை அடி. என் பெட்டி அந்த ஒன்றரை அடி விழுந்தது. இது, மூன்று கிலோ செங்கல் ஒன்று ஆறடி உயரத்திலிருந்து தலையில் விழுவதற்குச் சமம். வீடு கட்டும் இடத்தில் அப்படி ஒரு செங்கல் விழும் என்றால் நாம் அந்தப் பக்கம் போவோமா? விமானத்தில் அதன் அடியில் குழந்தையை உட்கார வைக்கிறோம்.

பை பெரிதா, உயிர் பெரிதா?

இன்னொரு விஷயத்தையும் சொல்லியாக வேண்டும். 2016 ஆகஸ்ட் 3 அன்று திருவனந்தபுரத்திலிருந்து துபாய் போன போயிங் 777 விமானம் ஓடுபாதையில் மோதித் தீப்பிடித்தது. அதில் இருந்த 300 பேரும் உயிர் தப்பினார்கள். ஆனால் உள்ளே புகை சூழ்ந்த நேரத்தில் சிலர் மேல் லாக்கரைத் திறந்து பைகளை எடுத்துக்கொண்டிருந்ததை ஒருவர் எடுத்த படத்தில் உலகமே பார்த்தது. மோதிய ஒன்பதாம் நிமிடத்தில் எரிபொருள் தொட்டி வெடித்தது. ஒரு தீயணைப்பு வீரர் இறந்துபோனார்.

அந்தப் படத்தைப் பார்த்து “இப்படியும் மனிதர்களா?” என்று நாம் திட்டினோம். எனக்கு இப்போது அப்படித் திட்ட வாய் வரவில்லை. பல வருட வளைகுடா உழைப்பின் சான்றிதழும் பாஸ்போர்ட்டும் அந்தப் பைகளுக்குள் இருந்திருக்கும். என் பெட்டிக்குள் மாமியாரின் கல்சட்டி இருந்தது. அன்று கொல்கத்தாவில் தீப்பிடித்திருந்தால் நான் சட்டியை விட்டு ஓடியிருப்பேனா? நிச்சயமாகச் சொல்ல முடியவில்லை.

2024 ஜனவரி 2 அன்று டோக்கியோ ஹனேடா விமான நிலையத்தில் தரையிறங்கிய விமானம் ஒன்று, ஓடுபாதையில் நின்ற கடலோரக் காவல்படை விமானத்தின் மேல் மோதி எரிந்தது. காவல்படை விமானத்தில் இருந்த ஆறு பேரில் ஐந்து பேர் இறந்தார்கள். பயணிகள் விமானத்தில் இருந்த 379 பேரும் வெளியே வந்துவிட்டார்கள். பெட்டிகளை அப்படியே விட்டுவிட்டு இறங்கியது அவர்களைக் காப்பாற்றிய காரணங்களில் ஒன்று என்று சொல்லப்பட்டது. ஒரு விமானத்துக்கு அனுமதி தரும்போது, பாதிக் கதவுகள் மட்டும் திறந்திருந்தாலும் 90 விநாடிகளில் எல்லோரும் வெளியேற முடியும் என்று நிரூபிக்க வேண்டும். அந்தக் கணக்கில் பெட்டி இறக்கும் நேரம் சேர்க்கப்படவில்லை.

நாம் செய்யக்கூடியவை

எங்கள் வீட்டில் இப்போது கடைப்பிடிக்கும் சில பழக்கங்களைச் சொல்கிறேன். பிடித்தால் எடுத்துக்கொள்ளுங்கள்.

1. கொக்கி மாட்டும் சிறிய தராசு ஒன்று வாங்கி வையுங்கள். விலை அதிகமில்லை. முதலில் வெறும் பெட்டியை நிறுத்துப் பாருங்கள். சக்கரம் வைத்த பெட்டி பல சமயம் இரண்டரை, மூன்று கிலோ இருக்கும். அப்படியானால் உங்களுக்கு மிஞ்சுவது நாலு கிலோதான். துணிப் பை எவ்வளவோ மேல்.

2. யார் உதவியும் இல்லாமல் இரண்டு கையால் தலைக்கு மேல் தூக்க முடியாத பையை மேலே வைக்க வேண்டாம். வயதானவர்கள் இதைத் தன்மானப் பிரச்சினையாக எடுத்துக்கொள்ளக் கூடாது. விமானப் பணிப்பெண்ணைத் தூக்கச் சொல்வதும் சரியல்ல. நமக்கு ஒரு பை. அவர்களுக்கு நாள் முழுவதும் பை.

3. கனமான, கெட்டியான பொருளை முன் இருக்கைக்கு அடியில் வையுங்கள். அங்கே பை முன்னால் நழுவாமல் தடுக்க ஒரு கம்பி இருக்கும். இல்லையென்றால் சரக்கறைக்கு அனுப்புங்கள். கல்சட்டி, அம்மிக் குழவி, கிரைண்டர் கல் எல்லாவற்றையும் ஜமுக்காளத்தில் சுற்றிப் பெரிய பெட்டியின் நடுவில் வைத்தால் உடையாது. கூடுதல் எடைக்குப் பணம் கட்ட நேர்ந்தால் கட்டுங்கள். நான் கட்டியிருந்தால் ஒரு டீச்சர் பள்ளிக்குப் போயிருப்பார்.

4. குழந்தைகளை நடைபாதை ஓரத்தில் உட்கார வைக்காதீர்கள். பெட்டி விழுந்தால் பெரும்பாலும் அந்த ஓரத்தில்தான் விழும்.

5. லாக்கரைத் திறக்கும்போது ஒரு கையால் கதவைச் சிறிதே திறந்து, மறு கையை உள்ளே விட்டுப் பெட்டி சாய்ந்திருக்கிறதா என்று தொட்டுப் பாருங்கள். கீழே உட்கார்ந்திருப்பவரிடம் “கொஞ்சம் பார்த்துக்கொள்ளுங்கள்” என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டுத் திறப்பது மரியாதையும்கூட.

6. பவர் பேங்கை மேலே வைக்காதீர்கள். 2025 ஜனவரி 28 அன்று தென்கொரியாவின் பூசானில் நின்றுகொண்டிருந்த ஒரு விமானம் மேல் லாக்கரில் தொடங்கிய தீயில் எரிந்தது. பவர் பேங்க் காரணமாக இருக்கலாம் என்பது விசாரணையின் முடிவு. கண்ணுக்கு எதிரே இருந்தால் புகை வந்ததும் தெரியும்.

7. அடையாள அட்டை, மருந்துச் சீட்டு, போன் ஆகியவை உடம்போடு ஒரு சின்னப் பையில் இருக்கட்டும். அவை கையில் இருந்தால் ஆபத்து நேரத்தில் பெட்டியை விட்டுவிட்டு ஓட மனம் வரும்.

டீச்சருக்குக் கழுத்து சரியாகிவிட்டது. ஆனால் குளிர்காலத்தில் இன்னும் வலிப்பதாகச் சொல்கிறார். பூஜை நாட்களில் நாங்கள் அவர் வீட்டுக்குப் போகிறோம், பொங்கலுக்கு அவர் எங்கள் வீட்டுக்கு வருகிறார். போன பொங்கலன்று அந்தக் கல்சட்டியில் வைத்த வத்தக்குழம்பைச் சாப்பிட்டு, எப்படிச் செய்வது என்று மனைவியிடம் கேட்டு எழுதிக்கொண்டார். எதில் வைத்தது என்று மனைவியும் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை. அவருக்குத் தெரியும் என்றுதான் நினைக்கிறேன்.

அடுத்த மாதம் கோடை விடுமுறை. நம் சங்கத்துக் குடும்பங்கள் பாதி ஊருக்குக் கிளம்பும். போகும்போது பை லேசாகத்தான் இருக்கும். திரும்பும்போதுதான் கனக்கும். கிளம்புவதற்கு முந்தின நாள் இரவு அதை ஒரு முறை தராசில் மாட்டிப் பாருங்கள். முள் ஏழைத் தாண்டினால், எதையாவது வெளியே எடுத்து வையுங்கள்.